தம்பி டிரம்ஸ் வாசித்த கச்சேரி

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் முப்பது வருடமாகப் போர்வை தேய்த்து மடிக்கும் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அக்காவுக்குப் பாட்டு என்றாலே ஆகாது. தாயும் தகப்பனும் போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். அவன் படித்ததைவிடத் தட்டியதுதான் அதிகம். மேசை, வாளி, அவள் முதுகு, எதையும் விட்டுவைக்கவில்லை. பிறகு மூன்று கூட்டாளிகளோடு ராக் பேண்டு என்று கிளம்பி, ஒரு பழைய கிடங்கில் டிரம்ஸ் அடித்தான். ஒருநாளும் அவள் போய்க் கேட்டதில்லை.

பேண்டுக்கு வெளியூர்க் கச்சேரிகள் அமைந்த அதே வாரம், பஸ் டிப்போவில் வேலை கிடைத்ததாகக் கடிதம் வந்தது. வேலைக்குத்தான் போக வேண்டும் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். அவன் இரண்டு நாள் கிடங்கிலேயே கிடந்தான். மூன்றாம் நாள் டிப்போவுக்குப் போனான். டிரம்ஸுக்கு வேறொருவன் வந்தான். இரண்டே வருடத்தில் அந்த பேண்டு கொடிகட்டிப் பறந்தது. தம்பி பஸ் கழுவினான். அக்காவை ஒரு சொல் குறைசொன்னதில்லை. போன வருடம் நுரையீரல் கெட்டு இறந்துபோனான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் மகள் ஃபோனோடு வந்தாள். பேண்டின் ஆரம்பகாலக் கச்சேரி ஒன்றின் ஒலிப்பதிவை இப்போது வெளியிட்டிருக்கிறார்களாம். அப்பா பெயரும் போட்டிருக்கிறதாம். இயர்போனை அத்தையின் காதில் மாட்டிவிட்டாள். ஒரே இரைச்சல்.

"இதுல எதுடி அவன்?"

"பாட்டை விடுங்க அத்தை. பின்னால இடிக்குது பாருங்க, அதான் அப்பா."

அக்கா அதை மட்டும் பிடித்துக்கொண்டாள். பாடுகிறவன் அவசரப்பட்டபோது அந்த இடி அவனை இழுத்துப்பிடித்தது. கிட்டார் தடுமாறியபோது தாங்கிக்கொண்டது. தம்பி இல்லாவிட்டால் மற்ற மூவரும் ஆளுக்கொரு பக்கம் போயிருப்பார்கள் என்று ஒன்றும் தெரியாத அவளுக்கே புரிந்தது. ஒரு பாட்டு முடிந்ததும் யாரோ ஏதோ கேலி பேச, அவன் வாய்விட்டுச் சிரித்தான். டிப்போவுக்குப் போன பிறகு அந்தச் சிரிப்பை அவள் கேட்டதே இல்லை.

"நல்லாத்தான் வாசிச்சிருக்கான்."

"பின்ன ஏன் விட்டாரு அத்தை? கேட்டா, பிடிக்கலைம்மான்னு சொல்லுவாரு."

அப்படியே விட்டிருக்கலாம். அக்காவால் முடியவில்லை.

"நான்தான் விட வெச்சேன்."

மகள் அத்தை காதிலிருந்து இயர்போனைக் கழற்றி, ஒயரைச் சுற்றிப் பைக்குள் வைத்தாள். வீட்டில் வேலை கிடக்கிறது என்று கிளம்பிவிட்டாள்.

பிறகு அவள் வரவில்லை. ஃபோன் செய்தால் இரண்டு வார்த்தையில் முடித்துக்கொள்கிறாள். கூட வேலை செய்பவளிடம் சொல்லி, அந்தப் பதிவைத் தன் ஃபோனில் ஏற்றிக்கொண்டாள் அக்கா. சாப்பாட்டு வேளையில் அழுக்கு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து கேட்கிறாள். அன்றைக்கு ஒரு பொய் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கூட வேலை செய்பவள் கேட்டபோது, அக்கா சொன்னாள்:

"எனக்காக அவன் சொன்னது போதாதா?"

ஆறு ஞாயிறு போய்விட்டது. மதியமானால் கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறாள்.