மிதித்தும் கிளம்பாத வண்டி

என் இடது பாதம் மரத்துக்கொண்டு வருவதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சர்க்கரை வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. முதலில் பெருவிரல் மரத்தது. பிறகு பாதம் முழுக்கத் துணி சுற்றியதுபோல் ஆனது. டாக்டரிடம் சொன்னால் மனைவிக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் வண்டி ஓட்ட விடமாட்டாள். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் அவள் ரவிக்கை தைப்பாள். தைத்தவற்றைக் கிள்ளானில் இருக்கும் புடவைக் கடைகளுக்கு நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எனக்குக் காலையில் எழுந்து சட்டை மாட்ட அது ஒன்றுதான் காரணம்.

எங்களுடையது கியர் போட்டு ஓட்டும் பழைய கார். கிளட்சை முழுக்க அழுத்தினால்தான் ஸ்டார்ட் ஆகும். ஒருநாள் சாவியைத் திருப்பினேன். விளக்கு எரிந்தது, ரேடியோ பாடியது, இன்ஜினிடமிருந்து சத்தமே இல்லை. காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்ததும் கிளம்பிவிட்டது. அதன்பிறகு இது அடிக்கடி நடந்தது. ஒவ்வொரு முறையும் குனிந்து என் பாதம் பெடல்மேல்தான் இருக்கிறதா என்று பார்ப்பேன். பார்த்தால்தான் எனக்கே தெரியும். கால்தான் சரியாக அழுத்தவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

மனைவியும் கூட வந்திருந்த ஒரு காலையில், கிள்ளானில் கடைவாசலிலேயே வண்டி அடியோடு மறுத்துவிட்டது. கடைக்காரரும் ஒரு லோரி டிரைவரும் பின்னாலிருந்து தள்ளி, ஓடவிட்டு ஸ்டார்ட் செய்து கொடுத்தார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு பட்டறை இருந்தது. அதை நடத்தியவர் நாற்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி. இன்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டு, ஒரு சிறிய ஸ்கேனரை வண்டியில் செருகினார்.

"அங்கிள், கிளட்ச்ச ஃபுல்லா அமுக்குங்க."

அழுத்தினேன்.

"அமுக்கிட்டீங்களா?"

"அமுக்கிட்டேன்லா."

"இதுல அமுக்கலன்னுதான் காட்டுது. இன்னும் கொஞ்சம்."

தொடையிலிருந்து பலம் கொடுத்து அழுத்தினேன். நெற்றியில் வியர்த்துவிட்டது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"சரி, எறங்குங்க. நான் பாக்குறேன்."

இறங்கிப் போய் மனைவி பக்கத்தில் நின்றேன். அந்தப் பெண்மணி டார்ச்சோடு ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையை நுழைத்தவர், உடனே வெளியே வந்தார். கையில் என் இடது கால் செருப்பு.

"அங்கிள், செருப்ப உள்ளயே விட்டுட்டீங்க."

குனிந்து பார்த்தேன். பட்டறையின் எண்ணெய்த் தரையில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தேன். "மிதிக்கச் சௌகரியமா இருக்கட்டும்னு நான்தான் கழட்டுனேன்" என்றேன். மனைவி செருப்பை வாங்கி என் காலடியில் வைத்தாள்.

அந்தப் பெண்மணி பெடலைக் கையாலேயே தரைவரை அழுத்திப் பிடித்தார். அப்போதும் ஸ்கேனர் அழுத்தவில்லை என்றே காட்டியது. பெடலுக்கு மேலே இருந்த ஒரு சின்ன சென்சாரின் வயரைக் கழற்றி, கியர் நியூட்ரலில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துச் சாவியைத் திருப்பினார். இன்ஜின் சட்டென்று உயிர் பெற்றது.

"இந்த சென்சார்தான் அங்கிள் கெட்டுப்போச்சு. நீங்க அமுக்குறத அது வண்டிக்குச் சொல்லவே இல்ல. உங்க மிதியில ஒன்னும் கோளாறு இல்ல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, "அந்தக் கம்பியையே விட்டுட்டா ஓடாதா?" என்று கேட்டேன்.

"ஓடும். ஆனா கியர்ல இருக்கிறப்போ மறந்து ஸ்டார்ட் பண்ணா பாஞ்சிடும். ஆன்டி முன்னால நின்னாங்கன்னா?"

புது சென்சார் வரவழைத்துப் பொருத்தினார். பெடல் எவ்வளவு இறங்கினால் அது உணர வேண்டுமோ அந்த அளவுக்குச் சரிசெய்து, என்னைப் பலமுறை ஸ்டார்ட் செய்து பார்க்கச் சொன்னார். ஒருமுறைகூடத் தவறவில்லை. எனக்கு இளமை திரும்பியதுபோல் இருந்தது.

ஃபெடரல் ஹைவேக்கு ஏறுமுன் மனைவி, "ஓரமா நிப்பாட்டுங்க" என்றாள். நிறுத்தினேன்.

"செருப்பு கழண்டது உங்களுக்குத் தெரியல, இல்லையா?"

வண்டியில்தான் கோளாறு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன்.

"தெரியல" என்றேன்.

"எத்தன நாளாங்க?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் முழங்கால்மேல் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

அந்த வாரமே கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழை ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். இடது பாதத்தில் பெரும்பாலான இடங்களில் அவர் தொட்டதே எனக்குத் தெரியவில்லை. வலது பாதம் இப்போதைக்கு நன்றாக இருக்கிறது என்றார். கிளட்ச் வேண்டாம், தானாகவே கியர் மாறும் ஆட்டோ காரானால் ஓட்டலாம், ஆனால் தவறாமல் பரிசோதனைக்கு வர வேண்டும் என்றார். நான் பயந்த அளவுக்கு இல்லை. நான் நடித்த அளவுக்கு நன்றாகவும் இல்லை.

பழைய வண்டியைச் செமினியிலிருக்கும் மகள் எடுத்துக்கொண்டாள். நாங்கள் செகண்ட் ஹேண்ட் ஆட்டோ வண்டி ஒன்று வாங்கினோம். நான் எதிர்பாராதது, மனைவி வண்டி ஓட்டப் பழகப் போகிறேன் என்று கிளம்பியதுதான். முதல் தேர்வில் பார்க்கிங்கில் தோற்றாள். வீட்டுக்கு வந்து கோபத்தில் ஒரு ரவிக்கையை முழுக்கப் பிரித்துத் தைத்தாள். அடுத்த தடவை பாஸ் பண்ணிவிட்டாள்.

இப்போது கிள்ளானுக்குப் போகும்போது அவள் ஓட்டுகிறாள், திரும்பும்போது நான். "பிரேக், பிரேக்" என்று நான் பதறினால், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீங்க பார்சலப் பிடிச்சிக்கிட்டு சும்மா வாங்க" என்கிறாள்.