லைன் கிடைச்சிருக்கு, யாரும் அசையாதீங்க

கண்ணுக்குத் தெரியாத ஒன்று வராமல் போனதற்கு, கண்ணுக்குத் தெரிகிற ஆள் திட்டு வாங்குவதுதான் இன்டர்நெட் ரிப்பேர் தொழில்.

தொண்ணூறுகளின் கடைசி. ஓசூரில் சின்னச் சின்ன ஆபீஸ்களுக்கெல்லாம் அப்போதுதான் இன்டர்நெட் வந்துகொண்டிருந்தது. டெலிபோன் வயரை மோடத்தில் செருகி பெங்களூர் நம்பருக்கு டயல் செய்தால், அது கிறீச்சிட்டு, இருமி, காறி, ஒருவழியாக அடங்கும். அந்த அடங்கும் நொடிக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற சக பாவிகள் உங்களிலும் இருப்பார்கள். எனக்கு அது வாணத்துக்குத் திரி கொளுத்தின மாதிரி. சீறிக்கொண்டு மேலே போகுமா, புஸ்ஸென்று போகுமா? நான் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தேன். எங்கே லைன் படுத்தாலும் மொபெட்டில் ஓடுவேன்.

புரியாத பாஷை

ஸ்பேர் பார்ட்ஸ் செய்யும் ஒரு பட்டறையில், இணைப்பு கிடைத்த கொஞ்ச நேரத்திலேயே அறுந்துவிடும். மோடத்தை மாற்றினேன், வயரை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. டெலிபோன் வயர் எங்கேதான் போகிறது என்று சுவரோடு நடந்தே போனேன். அது ஜன்னல் வழியாக வெளியேறி, வேப்பமரத்தில் ஏறி இறங்கி, கேட்டில் வாட்ச்மேன் அறைக்குள் நுழைந்தது. உள்ளே அதே லைனில் இன்னொரு போன்.

வாட்ச்மேன் மாதப்பா பொறுப்பான மனிதர். போனில் யாரும் சொந்தக் கதை பேசக்கூடாது என்று முதலாளி சொல்லியிருந்ததால், அவ்வப்போது ரிசீவரை எடுத்துக் கேட்பாராம். அப்படிக் கேட்கும்போது என்ன செய்வீர்கள் என்றேன். "யாரோ ரெண்டு பேரு கிறீச் கிறீச்சுன்னு சண்ட போட்டுக்கறாங்க சார். தமிழும் இல்ல, கன்னடமும் இல்ல, தெலுங்கும் இல்ல. அதான் நாலு தட்டு தட்டி கட் பண்ணி விட்டுர்றேன்."

தொங்கின மூடி

அந்தக் காலத்து ஆபீஸில் கம்ப்யூட்டர்களை ஒரே கறுப்பு கேபிளில் பூச்சரம் மாதிரி கோத்திருப்போம். சரத்தின் கடைசி முனையில் விரல் நுனி அளவுக்கு ஒரு உலோக மூடி இருக்கும். அதைக் கழற்றினால் மொத்த ஆபீஸும் படுத்துவிடும். ஒரு ஆடிட்டர் ஆபீஸில் அப்படித்தான் எல்லாத் திரைகளும் ஒரே சமயத்தில் உறைந்து போயின. மேஜைக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பார்த்தேன், மூடியைக் காணோம். அங்கே டைப் அடிக்கும் ஷாகிரா டிராயரைத் திறந்து, காகிதத்தில் மடித்து வைத்திருந்த அதை என் கையில் கொடுத்தார்.

"சும்மா தொங்கிட்டு இருந்துச்சுங்க. தொலைஞ்சா உங்களுக்குத்தான் கஷ்டம்னு பத்திரமா எடுத்து வெச்சேன்."

கல்லுக்கு லீவு

கிருஷ்ணகிரியில் இஸ்மாயில் பாய்க்கு கிரானைட் ஏற்றுமதி. இத்தாலியிலிருந்து வர வேண்டிய பதில் வரவில்லை. மோடம் கத்தும், சேரும், உடனே செத்துவிடும். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மேலே டியூப்லைட் ஒரு தடவை கண் சிமிட்டியது. அதே நொடியில் மோடத்தின் விளக்குகள் அணைந்தன. வெளியே கல் அறுக்கும் ரம்பம் சுற்ற ஆரம்பித்திருந்தது. கரண்டையெல்லாம் அது குடித்துவிடுகிறது. நான் துள்ளி எழுந்து, ரம்பத்தை நிறுத்தச் சொல்லுங்கள் என்று பாயிடம் கத்தினேன்.

ரம்பம் நின்றது. டயல் செய்தேன். கல்பொடி அப்பின முகங்களோடு வேலையாட்கள் அத்தனை பேரும் ஜன்னலில். மெயில்கள் வரிசையாக விழுந்தன, இத்தாலிக்காரர் சம்மதம் உட்பட. பாய் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கரண்ட் விட்டுப் போனாலும் தாங்குகிற பேட்டரிப் பெட்டி ஒன்று வாங்குங்கள் என்றேன். வாங்குகிறேன் என்று தலையாட்டிவிட்டுச் சொன்னார்: "அதுவரைக்கும் மெயில் வந்தா கல்லுக்கு லீவு, கல்லு அறுத்தா மெயிலுக்கு லீவு. ரெண்டும் நம்ம ஆளுங்கதானே தம்பி."

மாப்பிள்ளையும் ரோஜாவும்

பிப்ரவரி வந்தால் எங்கள் பக்கத்து ரோஜாப் பண்ணைகளில் ஒருவரும் உட்காரமாட்டார்கள். காதலர் தினத்துக்குப் பூ வெளிநாடு போகும். தொரப்பள்ளிப் பக்கம் ஒரு பண்ணையில் ஏற்றுமதியைக் கவனித்தவர் மாலதி. எந்த நிறம், எத்தனை பெட்டி என்று ஹாலந்திலிருந்து மெயில் வந்தால்தான் லாரியில் ஏற்ற முடியும். பெங்களூரில் விமானத்தைப் பிடித்தாக வேண்டும். நான் போனபோது பூ குளிர் அறையில், டிரைவர் ஸ்டியரிங்கில், முதலாளி வாசலுக்கும் மேஜைக்கும் நடுவில் நடையில்.

லைன் கிடைத்தது. முதல் மெயில் பாதி இறங்கும்போது அறுந்தது. மறுபடி போட்டால் அதே மெயில், முதலிலிருந்து. மறுபடியும் பாதியில் அறுந்தது. லெவல் கிராஸிங்கில் மாட்டின பஸ் போல அதன் பின்னால் ஹாலந்து மெயில் நின்றது. மெயில் வைத்திருக்கும் சர்வருக்குள்ளேயே நுழைந்து பார்த்தேன். முன்னால் படுத்திருந்தது அமெரிக்காவிலிருந்து வந்த பெரிய படம். யாருக்கு இது என்று கேட்டதும் மாலதிக்கு முகம் சிவந்துவிட்டது. அமெரிக்காவில் இருக்கும் அத்தை, மாலதிக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையின் போட்டோவை அனுப்பியிருக்கிறார். வீட்டில் ஏது கம்ப்யூட்டர்? அதனால் ஆபீஸுக்கு.

இதை அழித்தால்தான் அடுத்தது வரும் என்றேன். வேறு வழி இருக்கிறதா பார் என்று முதலாளி சங்கடத்தோடு முணுமுணுத்தார். மாலதி யோசிக்கவே இல்லை.

"அழிச்சுருங்க. மாப்பிள்ளை நாளைக்கும் இருப்பாரு, பூ இருக்காது."

அழித்தேன். டயல் செய்தேன். மோடம் அடங்கியது, ஹாலந்து மெயில் முழுசாக வந்து விழுந்தது. பிரின்டரிலிருந்து தாளை உருவிக்கொண்டு மாலதி ஓட, எனக்கு அங்கே வேலையே இல்லை, ஆனாலும் பின்னாலேயே ஓடிப் பெட்டி தூக்கினேன். முதலாளியும் தூக்கினார். லாரி கிளம்பினபோது எல்லோரும் கை தட்டினோம். விமானம் கிடைத்துவிட்டது என்று அன்று சாயங்காலமே கடைக்குப் போன் வந்தது.

அடுத்த தடவை போனபோது மாப்பிள்ளை விஷயம் விசாரித்தேன். போட்டோ பிறகு தபாலில் வந்ததாம். மாலதி பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். சிரித்துக்கொண்டே சொன்னார்: "அந்த லைன் அத்தன தடவ வேணாம் வேணாம்னு சொல்லுச்சுங்க. நாமதான் அத ரிப்பேருன்னு நெனச்சுட்டோம்."

இத்தனை வருஷத்தில் நான் நிஜமாகவே ரிப்பேர் செய்த மோடம் ஒன்றிரண்டுதான் இருக்கும்; மற்ற இடங்களிலெல்லாம் 'கொஞ்ச நேரம் அதைத் தொடாம இருங்க' என்று கெஞ்சியதற்குத்தான் எனக்குச் சம்பளம்.