இடது காதுக்குக் கிடைத்த நஷ்டஈடு

அன்றைக்குக் கடலூர் நீதிமன்றத்தில் என் அம்மா இருந்தார்கள். அக்கா வீட்டுக்காரர் தாஸ் மாமா இருந்தார். அப்பா வரவில்லை, காக்கியைப் பார்த்தாலே அவர் வேறு தெரு வழியாகப் போய்விடுவார். நம் சபையிலிருந்து ஒருவரும் வரவில்லை. பிரியமானவர்களே, வருத்தப்படாதீர்கள். ஆனால் அதை மறைத்துவிட்டு நான் பேசினால் அது சாட்சியாகாது.

2006ஆம் வருஷம். சிதம்பரத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். கடலூரிலிருந்து திருவந்திபுரம் போகும் வழியில் எங்கள் தெரு. மூன்று வாரமாகக் குழாயில் தண்ணீர் வராததால் தெருவே ரோட்டில் உட்கார்ந்தது. கலெக்டருக்கு மனு எழுதியவன் நான். போலீஸ் எங்களைப் பிடித்துக்கொண்டு போன ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் கேட்டதும் அதைத்தான்.

"மனு எழுதுன படிச்ச நாயி எவன்டா?"

கையைத் தூக்கினேன். இடது காதில் விழுந்தது அடி. அப்புறம் எத்தனை என்று தெரியாது. காதுக்குள் வண்டு இரைவது போல ஒரு சத்தம் மட்டும் நின்றது.

மறுநாள் கோர்ட்டுக்கு வண்டியில் ஏற்றும்போது ஏட்டு சொல்லிக்கொடுத்தார். போலீஸ் அடித்தார்களா என்று நீதிபதி கேட்பார், இல்லை என்று சொல்; ஆமாம் என்றால் உன் படிப்பு போச்சு. வழியெல்லாம் ஜெபித்தேன். கர்த்தரே, உண்மையைச் சொல்லத் தைரியம் கொடும். தைரியம் வரவில்லை. 'இல்லை' என்று சொல்லவே முடிவு செய்து உள்ளே போனேன்.

நீதிபதி அம்மா என்னவோ கேட்டிருக்கிறார். எனக்குக் காதில் விழவில்லை. மறுபடி கேட்டிருக்கிறார். வலது காதைத் திருப்பிக்கொண்டு முன்னால் குனிந்தேன். அவர் பேனாவை வைத்துவிட்டு உரக்கக் கேட்டார்.

"ஏம்ப்பா, உனக்குக் காது கேக்காதா?"

"நேத்து வரைக்கும் கேட்டுச்சுங்கம்மா."

யோசித்துச் சொன்னதல்ல. வாயிலிருந்து வந்துவிட்டது. ஏட்டு தரையைப் பார்த்தார். நீதிபதி அதை அப்படியே எழுதிக்கொண்டு என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். செவிப்பறை கிழிந்திருக்கிறது என்று டாக்டர் எழுதினார். நான் தைரியத்துக்குக் காத்திருந்தேன். கர்த்தர் என் உடைந்த காதையே எடுத்து உபயோகித்தார்.

ஜாமீனில் வந்ததும் சிதம்பரத்தில் ஒரு வக்கீல் அண்ணன் விளக்கினார். கைது செய்யப் போலீசுக்கு அதிகாரம் உண்டு. பிடித்த ஆளை அடிக்க அதிகாரம் இல்லை. அடித்தால் அரசாங்கம் நஷ்டஈடு தர வேண்டும், அதை அடித்தவர் சம்பளத்திலேயே பிடிக்கலாம். எனக்கு அதுவரை தெரியாது. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? மனித உரிமைப் புகார்களை விசாரிக்கிற ஆணையத்துக்கு மனு போட்டோம். அதையும் நானே எழுதினேன்.

நான்கு வருஷம் அலைந்தோம். நடுவில் இன்ஸ்பெக்டர் ஆள் அனுப்பினார். எழுபத்தைந்தாயிரம் தருவாராம், பைக்கிலிருந்து விழுந்ததாக எழுதி நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். மன்னித்துவிடு தம்பி என்று சபைப் பெரியவர்கள் சொன்னார்கள். மாமாவுக்கும் அதே எண்ணம்.

"வாங்கிக்கினு வுடு மச்சான். காது என்ன முளைக்கவா போவுது?"

"மன்னிச்சாச்சு மாமா. பொய்க்குக் கையெழுத்து போட மாட்டேன். எங்கிட்ட பைக்கே கெடையாது."

2010இல் உத்தரவு வந்தது. போலீஸ் அடித்ததால் காது போனது என்று அச்சில் இருந்தது. ஐம்பதாயிரம் நஷ்டஈடு, இன்ஸ்பெக்டர் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லியிருந்தது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு வாட்டி படி என்றார்கள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

இன்றைக்கு எங்கள் தெருவில் யாரைப் பிடித்துக்கொண்டு போனாலும் பின்னாலேயே நானும் போகிறேன். பயம் போய்விடவில்லை. பயத்தோடுதான் போகிறேன். பிரியமானவர்களே, நீங்களும் கர்த்தரை நம்பி ஜெபியுங்கள். ஜெபித்துவிட்டு வீட்டிலேயே உட்காராதீர்கள், கோர்ட்டுக்கு வாருங்கள்.

எழுபத்தைந்தை விட்டுவிட்டு ஐம்பது வாங்கிய ஒரே ஆள் நான்தான் என்று மாமா இன்னும் கேலி செய்கிறார். கணக்கு சரிதான். பொய் சொல்லாமல் இருந்ததற்கு எங்களுக்கு ஆன செலவு இருபத்தைந்தாயிரம் ரூபாய்.