மூன்றரை மணி ஆராதனைக்குக் காலையிலேயே போன கதை

தில்லி போகிறவர்கள் குதுப்மினாரைப் பற்றி என்னிடம் கேட்கிறீர்கள். முதல் தடவை போனபோது நான் அதைப் பார்க்கவே இல்லை. 1981 காலாண்டு விடுமுறையில், நான்கு வயது மகள் ஜெசியைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்காரரைப் பார்க்கப் போனேன்.

இவருக்கு அங்கே மத்திய சர்க்கார் உத்தியோகம், எனக்குப் பாளையங்கோட்டையில் ஆசிரியை வேலை. அரசாங்கக் குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் நான் வேலையை விட்டுவிட்டு வருவதாகப் பேச்சு. கல்யாணமான நாளிலிருந்து அதற்காக ஜெபித்தோம். வருடத்துக்கு ஒரு லீவில் வந்துபோகும் அப்பாவை ஜெசி 'டெல்லி மாமா' என்றுதான் கூப்பிடுவாள். ஊரே சிரிக்கும், எனக்குச் சிரிப்பு வராது. அந்த வருடமும் குவார்ட்டர்ஸ் கிடைக்காமல் போகவே, கர்த்தரிடம் எனக்குக் கோபமே வந்துவிட்டது.

மெட்ராசிலிருந்து இரண்டு இரவு ரயில், சுமார் இரண்டாயிரத்து இருநூறு கிலோமீட்டர். கட்டிக்கொண்டு போகும் இட்லியை நாக்பூர் வருவதற்குள் தீர்த்துவிடுங்கள். கரோல்பாகில் இவருடன் அறையில் இருந்த நண்பர்கள் எங்களுக்காக வேறிடம் போயிருந்தார்கள்.

மறுநாள் மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து ஆராதனை. தமிழ் ஆராதனை பிற்பகல் மூன்றரைக்கு என்றார் இவர். நான் நம்பவில்லை. எங்கள் ஊரில் ஞாயிறு விடிந்தால் கோயில்தான். தனியாக இருந்து சோம்பேறியாகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, திருவிருந்து வாங்குமுன் சாப்பிடக் கூடாதென்று வெறும் வயிற்றோடு அவரையும் ஜெசியையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கோயில் லோதி ரோடு பக்கம், பத்து கிலோமீட்டர் இருக்கும்.

போனால் உள்ளே ஹிந்தி ஆராதனை. ஒரே கட்டடத்தை மூன்று மொழிக்காரர்கள் முறைபோட்டுப் பயன்படுத்துகிறார்கள். எங்களுக்குக் கடைசி முறை.

"மூணரைக்குன்னு சொன்னேம்லா?" என்றார் இவர். திரும்பிப் போனால் தோற்றதாகிவிடுமே என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். ஜெசி பசியில் அழ ஆரம்பித்தாள்.

அப்போதுதான் வெள்ளைச் சேலையில் நாகர்கோவில் நர்ஸ் ஒருவர் வந்தார். மத்தியானம் டியூட்டி, தமிழ் ஆராதனைக்கு இருக்க முடியாது, அதனால் கொஞ்சநேரம் ஜெபித்துவிட்டுப் போக வந்தாராம். டிபன்பாக்ஸைத் திறந்து ஜெசிக்கு ரொட்டியைக் கொடுத்தபடியே என்ன வேலை பார்க்கிறேன் என்று விசாரித்தார்.

"டீச்சரா? எங்க வார்டுல ஒரு தமிழ் டீச்சர் பிரசவத்துக்கு வந்திருக்காங்க. வேலைய விட்டுட்டு ஊருக்கே போறாங்களாம். நாளைக்கே அவங்க ஸ்கூல்ல போய்க் கேளுங்க."

கோயிலுக்குப் பக்கத்திலேயே இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடம் அது. மறுநாள் போய்க் கேட்டேன், வேலை கிடைத்தது. டிசம்பருக்குள் ராஜினாமா, சாமான் கட்டுதல் எல்லாம் முடிந்து, நாங்கள் மூவரும் மொட்டைமாடியில் ஒரே அறையில் குடியிருந்தோம். மழை பெய்தால் கட்டிலை நகர்த்த வேண்டும். குவார்ட்டர்ஸ் அதற்கு மூன்று வருடம் கழித்துத்தான் கிடைத்தது.

முதலில் வீடு, பிறகு வேலை என்று கர்த்தருக்கு நான் வரிசை சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் வேறு வரிசை வைத்திருந்தார். தாமதித்த நாளெல்லாம் சுகமாக இருந்தது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அன்று சரியான நேரத்துக்குப் போயிருந்தால் அந்த நர்ஸைப் பார்த்திருக்கவே மாட்டோம்.

நீங்கள் போவதானால் தமிழ் ஆராதனை எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். குழந்தைக்குத் தின்ன ஏதாவது கையில் இருக்கட்டும். டிசம்பரில் போனால் கம்பளி கட்டாயம்.

அந்த 1981 டிசம்பர்தான் எங்களுக்குத் தில்லியில் முதல் டிசம்பர். ஒரு ஞாயிறு கோயிலுக்குக் கிளம்பினோம். இவர் பின்னால் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்க, பஸ் வந்துவிட்டது. ஜெசி திரும்பிப் பார்த்து, கூப்பிட்டுப் பழகியவள் போலக் கூப்பிட்டாள்:

"அப்பா, ஜல்தி வாங்க."