அம்மாவின் பெயரைக் கேட்டவர்

பல் செட் செய்யும் அந்தக் கூடத்தில் பேச்சுக்கு வழியே இல்லை. மோட்டார் இரைந்துகொண்டிருக்கும். மூக்கையும் வாயையும் முகமூடி மூடியிருக்கும். கையில் முன்பின் பார்த்திராத யாரோ ஒருவரின் ஈறு அச்சு இருக்கும். பிளாஸ்டர் அச்சின்மேல் மெழுகைப் பதித்து, அதில் பற்களை ஒவ்வொன்றாக நட்டு, மேலும் கீழும் பொருத்தி, கடி சரியாக விழுகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. "ஊர்ல பாதிப் பேர் சிரிக்கிறதே உங்க கையாலதான். ஆனா நீங்க சிரிச்சு மட்டும் நான் பாத்ததே இல்லக்கா" என்பார் முதலாளி. அவளைவிட வயதில் சின்னவர், நல்ல மனுஷர். அவள் தலையை மட்டும் ஆட்டுவாள்.

ஐம்பதைத் தாண்டியிருந்தாள். வந்த வரன்கள் எதுவும் கூடிவரவில்லை. அம்மா படுக்கையில் விழுந்தபின் கல்யாணப் பேச்சே அந்த வீட்டில் எழவில்லை. தம்பி தூரத்தில் இருந்தான். எப்போதாவது போன் செய்வான். "எல்லாம் நல்லாதானே இருக்கு?" என்பான். அவள் வாயெடுக்கும் முன்பே, "சரிக்கா, வெச்சிடறேன்" என்பான்.

பகலெல்லாம் பேசாததை அவள் சாயங்காலத்துக்குச் சேர்த்துவைத்திருப்பாள். அம்மாவுக்கு ஊட்டிவிட்டு, துடைத்துப் படுக்கவைத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் கைபேசியோடு உட்காருவாள். 'சத்தியக் களம்' என்று பேஸ்புக்கில் ஒரு குழு. வெவ்வேறு சபைகளைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள் வேதத்தை வைத்து ஒருவரோடொருவர் மல்லுக்கட்டும் இடம். அங்கே அவள் 'நேர்கோடு'. வாடகை மண்டபம் ஒன்றில் கூடும் சின்னச் சபையைச் சேர்ந்தவள், விவரம் தெரிந்த வயதில் தானாக விசுவாசித்துத் தண்ணீரில் மூழ்கி ஞானஸ்நானம் பெற்றவள். அதைவிட்டு ஒரு அங்குலம் நகரமாட்டாள்.

அவளுக்குச் சரியான எதிராளி 'பழையமணி'. கத்தோலிக்கர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் ஆசிரியர் என்று தன் பக்கத்தில் போட்டிருந்தார். அவர் எழுதுவதிலும் அது தெரியும்.

"சகோதரி, நீங்க முங்கறீங்க, நாங்க ஊத்தறோம். ஈரம் ஒண்ணுதானே?" என்று எழுதுவார்.

"ஈரமாகணும்னா மழையில நின்னா போதும் ஐயா. தொட்டில்ல தூங்கற பிள்ளைக்கு விசுவாசத்தப் பத்தி என்ன தெரியும்?" என்று இவள் வெட்டுவாள்.

"கொஞ்சம் மெதுவா. வளைவு வருது, நீங்க மூணாவது கியர்ல போறீங்க" என்பார். இவள் ஆத்திரத்தில் எழுத்துப் பிழை விட்டால் அதையும் விடமாட்டார். ஒருமுறை 'பறலோகம்' என்று எழுதிவிட்டாள். "பரலோகத்துக்குப் பெரிய 'ற' போட்டா வாசல்லயே நிக்கவெச்சுடுவாங்க" என்று பதில் வந்தது. அவள் பல்லைக் கடித்தாள். திருத்தியும் விட்டாள்.

இப்படியே வருஷங்கள் ஓடின. இவள் பத்தி பத்தியாக எழுதினால் மற்றவர்கள் ஒரு கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பழையமணி ஒருவர்தான் கடைசி வரி வரை படித்து, வரிக்கு வரி மறுத்தவர். அது ஒரு துணை என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

அம்மா போய்விட்டாள். அடக்கத்துக்குச் சபையார் வந்தார்கள், பாடினார்கள், சாப்பிடாமல் கிளம்பினார்கள். தம்பி வந்து இருந்துவிட்டுப் போனான். சில வாரங்கள் கழித்து ஒரு சாயங்காலம் கட்டில் காலியாகக் கிடப்பதைப் பார்க்கப் பிடிக்காமல், சத்தியக் களத்தில் அம்மாவைப் பற்றி நாலு வரி எழுதினாள். எல்லாரும் 'ஆமென்' போட்டார்கள். ஒருவர் போட்ட ஆறுதல் வசனத்தையே இன்னும் பலர் நகலெடுத்துப் போட்டார்கள். அவற்றுக்கு நடுவே பழையமணி எழுதியிருந்தார்: "சகோதரி, அம்மா பேர் என்ன? ஞாயித்துக்கிழமை பூசையில அவங்களுக்காக ஒப்புக்கொடுக்கச் சொல்றேன்."

இவள் பக்கத்து ஆட்கள் வரிந்துகட்டிக்கொண்டு வந்தார்கள். இறந்தவர்களுக்காக ஜெபமா என்றார் ஒருவர். துக்கத்திலும் ஆள் பிடிக்கிறான் என்றார் இன்னொருவர். "நேர்கோடு அக்கா எங்கே? இதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்" என்று மூன்றாமவர் உசுப்பினார்.

அவள் நம்பிக்கையில் அம்மா ஏற்கெனவே தேவனிடத்தில் சேர்ந்துவிட்டாள். அதற்குமேல் அவளுக்காக வேண்டுவது அந்த நம்பிக்கையில் ஓட்டை போடுவது போல. அதோடு எல்லாரும் வேடிக்கை பார்க்கிறார்கள். விரல் தானாக ஓடியது: "எங்க அம்மா போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேந்துட்டாங்க. உங்க சிபாரிசு தேவைப்படற இடத்துல அவங்க இல்ல. உங்க பூசைய நீங்களே வெச்சுக்கங்க." அத்தோடு நிற்காமல் அவர்மீது புகார் பொத்தானையும் அழுத்தினாள்.

கைதட்டல் படங்கள் கொட்டின. சற்று நேரத்தில் குழுவை நடத்தும் இளைஞன் அறிவித்தான்: "களை பிடுங்கப்பட்டது." பழையமணியை எடுத்துவிட்டார்கள்.

அன்று அவளுக்கு வெற்றிபோலத்தான் இருந்தது. மறுவாரம் தண்ணீர் ஞானஸ்நானத்தைப் பற்றி நீளமாக ஒன்று எழுதினாள். 'ஆமென்', 'ஆமென்', 'அருமை அக்கா'. வேறொன்றும் இல்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் முதல் வரியிலேயே ஒரு பிழை. அது அப்படியே இருந்தது. யாரும் படிக்கவில்லை.

அம்மாவைப் பற்றி எழுதியதைத் தேடி எடுத்து, கீழே வந்தவற்றை மேலிருந்து படித்துப் பார்த்தாள். அத்தனை பேரில் ஒருவரும் அம்மாவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, அந்த மனுஷரைத் தவிர.

குழுவை நடத்தும் இளைஞனுக்குப் போன் போட்டாள். "பழையமணிய மறுபடி சேத்துக்கங்க தம்பி."

"அக்கா, புகார் குடுத்ததே நீங்கதானே?"

"நான்தான். குடுத்திருக்கக் கூடாது."

"அவர் சொன்னது தப்பான உபதேசம் இல்லையா?"

"தப்புதான். அது எனக்குத் தெரியாதா? ஆனா அவர் அன்னிக்கு உபதேசம் பண்ணல தம்பி. துக்கம் விசாரிச்சாரு."

"அக்கா, நீங்க இப்போ எந்தப் பக்கம்?" என்று கேட்டான்.

போனை வைத்துவிட்டு, குழுவிலிருந்து தானும் வெளியே வந்தாள். பிறகு பழையமணிக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினாள். எழுதி எழுதி அழித்ததில் கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: "மன்னிச்சுக்கங்க ஐயா. நான் பேசினது தப்பு."

மறுநாள் மத்தியானம் கூடத்தில் அவள் பற்களை மெருகேற்றிக்கொண்டிருந்தபோது கைபேசி அதிர்ந்தது. பின்பக்கப் படிக்கட்டுக்குப் போய் எடுத்தாள். கையெல்லாம் வெள்ளைத் தூள்.

"நான் பழையமணி பேசறேன். வண்டியிலதான் இருக்கேன். ஓட்டக் கத்துக்க வந்த ஆள் இப்பதான் எறங்கிப் போனாரு." அவள் நினைத்துவைத்திருந்ததைவிட மெல்லிய குரல்.

"கோவமா இருப்பீங்கன்னு நெனச்சேன் ஐயா."

"இருந்துச்சு. பொய் சொல்லமாட்டேன். எங்க வீட்டுக்காரி என்னைத்தான் திட்டினா. அந்தம்மாவுக்கு அதுல நம்பிக்கை இல்லன்னு தெரிஞ்சும் எதுக்கு எல்லார் முன்னாலயும் கேட்டீங்கன்னு. தனியாக் கேட்டிருக்கணும். ஆனா, சகோதரி, எங்களுக்குத் துக்கம் விசாரிக்கிறதே அப்படித்தான். வேற விதம் எனக்குத் தெரியல."

கீழே யாரோ சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது. அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"எனக்கு இப்பவும் அதுல நம்பிக்கை இல்ல ஐயா."

"தெரியும்மா."

"இருந்தாலும் பேரைச் சொல்றேன்."

சொன்னாள். வாயில் அந்தப் பெயர் அந்நியமாக இருந்தது. வாழ்நாள் முழுக்க 'அம்மா' என்றே கூப்பிட்டவள். மருத்துவமனையில் கேட்டபோது சொன்னதுதான் கடைசி.

மறுமுனையில் அவர் எழுதிக்கொள்வது கேட்டது. "சின்ன 'ர'வா, பெரிய 'ற'வா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணில் நீர் இறங்கியது. தூள் படிந்த கையால் துடைக்கவும் முடியவில்லை. "சின்ன 'ர'தான் ஐயா" என்றாள்.

அதன்பிறகு சில நாள் இருவரும் தனிச் செய்தியில் பழைய வாதத்தைத் தொடர்ந்து பார்த்தார்கள். சரிவரவில்லை. வேடிக்கை பார்க்க ஆளில்லாத சண்டை சீக்கிரமே நமத்துப்போயிற்று. அவர் தப்பென்றுதான் அவள் இன்னமும் நினைத்தாள். அவரும் அப்படியே. ஆனால் அவரை மடக்கவேண்டும் என்ற வெறி போய்விட்டது. அவருக்கு மனைவி, மகள்கள், பேரப்பிள்ளைகள் என்று வீடு நிறைய ஆட்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே "தாத்தா" என்று ஒரு குரல் குறுக்கே வரும். அந்தக் குழு அவருக்குப் பொழுதுபோகும் நாலு இடங்களில் ஒன்று என்றும், தனக்குத்தான் அது எல்லாமாக இருந்தது என்றும் அவளுக்கு அப்போது விளங்கியது. கொஞ்சம் வலித்தது. செய்திகள் மெல்ல மெல்லக் குறைந்து, ஞாயிற்றுக்கிழமை வாழ்த்தோடு நின்றன. அதில் அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை மூப்பர் அவளைப் பிடித்துக்கொண்டார். "என்னம்மா, குழுவுல உங்களக் காணோமே? ஆளாளுக்கு ஏதேதோ எழுதறாங்க. வாயடைக்க ஆளில்ல."

"அடைச்ச வரைக்கும் போதும்னு தோணுச்சு ஐயா" என்றாள்.

அவர் சிரித்துவிட்டு வேறொருவரிடம் போனார். வழக்கமாக அவள் உடனே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவாள். அன்று நாற்காலியிலேயே இருந்தாள். பக்கத்தில் ஒரு பெண் பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். பல வருஷமாகப் பார்க்கிற முகம்தான், ஆனால் பார்த்ததும் 'தோத்திரம்' சொன்னதைத் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை.

"உங்க அம்மா இருக்காங்களா?" என்று இவள் கேட்டாள்.

அந்தப் பெண் திகைத்து நிமிர்ந்தாள். "இருக்காங்கக்கா. அண்ணன் வீட்டுல. இப்பல்லாம் என்னையே யாருன்னு கேக்கறாங்க…" என்று ஆரம்பித்தாள். வெளியே அவள் கணவன் ஹாரனை அழுத்தினான். "அடுத்த வாரம் சொல்றேன்க்கா" என்று எழுந்து ஓடினாள்.

அடுத்த வாரம் அந்தப் பெண் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்து, இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்தாள். ஒருமுறை திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தாள். பாட்டு தொடங்கியது. எல்லாரும் எழுந்து நின்றார்கள், இவளும் நின்றாள்.