அவள் இறுக்கிய பில்டர்

எங்கள் லோடு வண்டியில் டீசல் பில்டரைக் கழற்றுவது என் வேலை, மாட்டுவது என் மனைவியின் வேலை. பதினோரு வருடம் இந்த ஏற்பாட்டில்தான் ஓடியது. கழற்றுவதற்குப் பலம் வேண்டும். கீழே படுத்து, பெல்ட் ஸ்பேனரைப் போட்டு ஒரே இழுப்பாக இழுத்தால் வந்துவிடும். மாட்டுவதற்கு ஒல்லியான கை வேண்டும். என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு சந்தில் அந்தப் பில்டர் தொங்குகிறது. அதை அங்கே கொண்டுபோய் வைத்த புண்ணியவான் ஒரு நாளாவது தன் கையை உள்ளே விட்டுப் பார்த்திருக்க மாட்டான். என் கை உள்ளே போனால் வெளியே வராது, வந்தால் தோலை அங்கேயே விட்டுவிட்டு வரும்.

அவள் வளையல்களைக் கழற்றி கியர் கம்பியில் மாட்டுவாள். புதுப் பில்டரின் ரப்பர் வாசரில் விரலால் டீசலைத் தடவுவாள். பிறகு கையை மேலே இருந்து உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு திருகு மரை தேடுவாள். "புடிச்சிருச்சுங்க" என்பாள். அதற்குள் நான் பீடியை முடித்திருப்பேன். சோழபுரத்தில் எங்கள் வீட்டுக்கு முன்னால் வேப்பமரத்தடியில் இது வருடத்துக்கு ஒரு முறை நடக்கும். போகிறவர் வருகிறவர் எல்லாம், "என்ன அண்ணாச்சி, மெக்கானிக்கைக் கட்டிக்கிட்டு வந்துட்டீரா?" என்று கேட்பார்கள்.

அவள் போய் நான்கு மாதம் ஆகிறது. காலையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். மதுரைக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. மூளையில் ரத்தக்குழாய் என்றார்கள். எனக்கு அதற்கு மேல் ஒன்றும் விளங்கவில்லை, இன்று வரை விளங்கவில்லை.

அவள் போவதற்கு முன்பே வண்டி இழுக்க முடியாமல் திணறத் தொடங்கியிருந்தது. மம்சாபுரத்துத் தோப்புகளில் தேங்காய் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டியில் இறக்குவதுதான் என் பிழைப்பு. லோடோடு அறுபதில் போன வண்டி ஐம்பது, நாற்பது, முப்பது என்று கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகிவிட்டது. பில்டர் அடைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். புதுப் பில்டரும் வாங்கி, சீட்டுக்கு அடியில் வைத்திருந்தேன். ஆனாலும் பழையதில் கை வைக்கவில்லை. அவள் மாட்டிய கடைசிப் பில்டர் அது. வீட்டில் அவள் அடுக்கிய டப்பாக்களைக் கலைத்தாகிவிட்டது, மடித்த சேலைகளை அவள் அக்கா எடுத்துப் போய்விட்டாள். அவள் கை கடைசியாக இறுக்கியது இறுக்கினபடி இருப்பது அது ஒன்றுதான். என்றைக்காவது கழற்றத்தான் வேண்டும் என்றால், அடிபடாமல் முழுசாகக் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். பைத்தியக்காரத்தனம்தான். யாரிடமும் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு நாள் முழு லோடோடு வண்டி நடுரோட்டில் நின்றே விட்டது. மறுநாள் காலை கீழே படுத்தேன்.

அது அசையவில்லை. பெல்ட் ஸ்பேனர் வழுக்கியது. உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்து இழுத்தேன். மேலே இருந்து கையை விட்டு விரல் முட்டித் தோலைப் பெயர்த்துக்கொண்டேன். மூன்று காலை இப்படியே போனது. கோபத்தில் டயரை ஓர் உதை உதைத்தேன், கால்தான் வலித்தது. ஏன் அசையவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அதற்குக் காரணம் நான்தான்.

போன வருடம் அந்தப் பில்டரை மாட்டின மறுநாள், அவளும் வண்டியில் கூட வந்திருந்தாள். மண்டி வாசலில் வண்டியை நிறுத்தினதும், "அண்ணாச்சி, டீசல் ஒழுகுது" என்று லோடுமேன் ஒருவர் கத்தினார். குனிந்து பார்த்தால் பில்டர் வாயிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிகிறது. மண்டி அவளுடைய அண்ணனுடையது. அவர் கல்லாவில் இருக்கிறார், லோடுமேன்கள் நிற்கிறார்கள், எதிரே டீக்கடையில் ஒரு கூட்டம். எனக்கு முன்கோபம், பிறந்ததிலிருந்தே. ஆள் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கமாட்டேன்.

"ஏட்டி, ஒரு பில்டரை ஒழுங்கா இறுக்கத் தெரியலை. கையில பெலம் இல்லாதவ எதுக்கு இதுல எல்லாம் கை வைக்கே?" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினேன்.

அவள் இறங்கி வந்தாள். கையை உள்ளே விட்டு, விரலால் சுற்றிலும் தடவினாள். "ஏங்க, செத்த நில்லுங்க. மேல வந்து..." என்று ஏதோ சொல்ல வந்தாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். பேசாம இறுக்கு" என்றேன். டீக்கடையில் சிரித்தார்கள்.

அவள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாள். ஒரு தடவை கையை வெளியே எடுத்து உதறிவிட்டு மறுபடி இறுக்கினாள். உள்ளங்கை ரத்தம் கட்டினமாதிரிச் சிவந்திருந்தது. ஒழுகல் நின்றது. "இனி எவன் வந்தாலும் கழத்த முடியாது, பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, வளையல்களைப் போட்டுக்கொண்டாள். நான் எதிரே டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஏறி உட்கார்ந்திருந்தாள். வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். மறுநாள் சரியாகிவிட்டாள். அல்லது சரியாகிவிட்டாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

நான் அதை வேடிக்கைக் கதையாக்கிவிட்டேன். அவள் இருக்கும்போதே பத்துப் பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவளும் கூடச் சிரிப்பாள். அவள் அண்ணன் மட்டும் சிரிக்கமாட்டார். தங்கச்சியைக் கேலி செய்வது பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொள்வேன்.

நாலாம் நாள் வண்டியை உருட்டாத குறையாக ராஜபாளையத்துக்குக் கொண்டுபோனேன். தென்காசி ரோட்டில் புதிதாக ஒரு மெக்கானிக் பட்டறை போட்டிருக்கிறார். அவருக்கு என்னைத் தெரியாது. வண்டியைத் தூக்கி நிறுத்தி, சங்கிலி ஸ்பேனரைப் போட்டு இழுத்தார். பில்டர் நசுங்கியதே தவிர திரும்பவில்லை.

"இதை மாட்டுனது யாரு அண்ணாச்சி? கையா, இரும்பா?" என்றார்.

"என் வீட்டுக்காரி."

"பலே. அவியளை வரச்சொல்லுங்க, அவிய மாட்டுனதை அவியளே கழத்தட்டும்" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவரும் நிறுத்திக்கொண்டு மறுபடி சங்கிலியை எடுத்தார். அது இரண்டாம் முறையும் வழுக்கியது.

"குத்தித்தான் எடுக்கணும். வேற வழி இல்ல" என்றார். குத்துவது என்றால் பெரிய திருப்புளியை பில்டரின் இந்தப் பக்கம் அடித்து அந்தப் பக்கம் கொண்டுவந்து, அதையே கைப்பிடியாக வைத்துத் திருப்புவது. நான் வேண்டாம் என்றேன். இன்னொரு தடவை பாருங்கள் என்றேன். அவர் பொறுமைசாலி, இன்னொரு தடவையும் பார்த்தார். பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"குத்துங்க" என்றேன். சொல்லிவிட்டு மலைப்பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். சுத்தியல் அடி மூன்று கேட்டது. டீசல் கொட்டும் சத்தம் கேட்டது. பிறகு கிறீச் என்று ஒரு சத்தம். வந்துவிட்டது.

"அண்ணாச்சி, இங்க வாங்க."

போனேன். மேலே பில்டர் உட்காரும் இடத்தை விளக்கு அடித்துக் காட்டினார். கறுப்பாக, நசுங்கின ஒரு ரப்பர் வளையம் அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. கழற்றின பில்டரின் வாயிலும் ஒரு வளையம் இருந்தது.

"ரெண்டு வாசர் கெடக்கு. முந்துன தடவை பழசைக் கழத்துனவரு, அதோட வாசர் மேலயே ஒட்டிக்கிட்டதைப் பாக்கல. துடைக்காம விட்டுட்டாரு. அதுக்கு மேல புதுசு ஏறியிருக்கு. ரெண்டு வாசர் இருந்தா எம்புட்டு இறுக்கினாலும் ஒழுகத்தான் செய்யும். அதையும் இறுக்கி நிப்பாட்டியிருக்காகன்னா, அது சும்மா கை இல்ல அண்ணாச்சி."

கழற்றினவன் நான். துடைக்க வேண்டியவனும் நான். அன்று பீடியைப் பற்றவைக்கும் அவசரத்தில், கழற்றின பில்டரைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் வேலியில் எறிந்தேன்.

"மேல வந்து..." என்று அவள் சொல்ல வந்தது எனக்கு அப்போதுதான் காதில் விழுந்தது.

அவர் மேலே ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்தார். துணியால் துடைத்தார். புதுசை மாட்டி, வாசர் தொட்டதும் கையாலேயே முக்கால் சுற்றுச் சுற்றினார். "அம்புட்டுத்தான். இதுக்குப் பெலமே வேண்டாம்" என்றார். காற்றை வெளியேற்றி ஸ்டார்ட் செய்தார். வண்டி பழைய மாதிரி உறுமியது.

ஓட்டை விழுந்த பில்டரைச் சாக்கில் சுற்றிப் பக்கத்து சீட்டில் வைத்தேன். இரண்டு வாசரையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நேராக ஸ்ரீவில்லிபுத்தூருக்கு விட்டேன். எங்கே கத்தினேனோ அங்கே போய்ச் சொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றியது. வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

மண்டி வாசலில் அவள் அண்ணன் நின்றிருந்தார். வாசர் இரண்டையும் அவர் கையில் கொடுத்தேன்.

"மச்சான், அன்னைக்கு ஒழுகுனது..."

"தெரியும் மாப்ள" என்றார்.

அவர் வாசர்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க டீ குடிக்கப் போயிருந்தீக. எங்கிட்ட வந்து சொன்னா. 'ரெண்டு வாசர் இருக்குண்ணே, வெரல்ல தட்டுச்சு. பழசை அவிய எடுக்க மறந்துட்டாக'ன்னா. அப்ப சொல்ல வேண்டியதுதான தாயின்னேன். 'இத்தன பேருக்கு முன்னால சொன்னா அவியளுக்கு அசிங்கமாப் போயிரும்ணே. அதான் இறுக்கி விட்டுட்டேன், நின்னுருச்சு. நீயும் சொல்லாத'ன்னா. கையைக் காட்டுனா, செவந்து கெடந்துச்சு. மஞ்சளை வைன்னு சொல்லி அனுப்புனேன்."

நான் அழுதேன். அவள் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை. அவர் என் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைக்கப் பார்த்தார். நான் உட்காரவில்லை. டீக்கடையில் அதே ஆட்கள் இருந்தார்கள். லோடுமேன்கள் மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். அன்று கத்தின அதே சத்தத்தில் கத்தினேன்.

"அன்னைக்கு ஒழுகுனது என் தப்பு! அவ தப்பு இல்ல, என் தப்பு!"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எந்த அன்றைக்கு, என்ன ஒழுகியது என்று ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. வயசான லோடுமேன் ஒருவர் மட்டும் தலைத்துண்டை அவிழ்த்தபடி வந்து, என் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"ஒண்ணும் ஒழுகலையே அண்ணாச்சி. கீழ காஞ்சுதான கெடக்கு" என்றார்.