தறி வீட்டு மாடியில் சனி

நம் வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மூன்று தேங்காய்ச் சிரட்டைகள் கிடக்கின்றன. உள்ளே கழிவு நூல் அமுக்கி அடைத்திருக்கிறது. வெயிலில் கிடந்து நூல் நிறம் செத்துவிட்டது. மாடியைக் கூட்டும்போதெல்லாம் "அப்பா, இதத் தூரப் போட்டுரவா?" என்று கேட்கிறீர்கள். வேண்டாம் என்று மட்டும் சொல்லி வந்தேன். ஏன் வேண்டாம் என்பதை இப்போது எழுதுகிறேன். எட்டாவதோடு பள்ளியை விட்டுத் தறிக்கு வந்தவன் நான். கோர்வையாக எழுத வருமோ என்னவோ. அவை உங்கள் பெரியம்மாவின் சிரட்டைகள். எனக்கு அவர்கள் மதினி, அண்ணன் மனைவி.

அப்போது அண்ணன் கத்தாரில் இருந்தான். மதினி நம்மோடு இந்த வீட்டில்தான் இருந்தார்கள். கீழே விசைத்தறி, மேலே குடித்தனம், அதற்கு மேலே மாடி. மதினிக்கு உட்காரத் தெரியாது. தறியில் நூல் அறுந்தால், இழைகளுக்குக் குறுக்கே ஓடுகிற நாடா சிக்கினால், என்னைவிட முன்னால் போய் நிற்பார்கள். சோறு கொதிக்கும் நேரத்தில் நாலு தடவை மாடி ஏறி இறங்குவார்கள். ராத்திரி ஏழு மணிக்கு அண்ணன் போன் வரும்போது மட்டும் படிக்கட்டில் உட்காருவார்கள். அந்தப் பேச்சும் வர வரச் சுருங்கிக்கொண்டே வந்தது. "சாப்டீங்களா?" "சாப்டேன். நீ?" "ம்." பிறகு இரண்டு பேரும் சும்மா போனைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். கேட்டுக்கொண்டு போகிற எனக்கே மூச்சு முட்டும்.

ஒரு நாள் பார்சலில் ஒரு டெலஸ்கோப் வந்தது. செல்லில் யாரோ கிரகங்களைப் படம் எடுப்பதைப் பார்த்துவிட்டு மதினி வரவழைத்தது. மூன்று கால் ஸ்டாண்டு, ஒரு வெள்ளைக் குழாய், கண் வைத்துப் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் செல்போன் கேமராவை ஒட்டிப் பிடித்துத்தான் படம் எடுக்க வேண்டும். முதலில் வியாழன். எடுத்த படமெல்லாம் வெறும் வெள்ளைப் பொட்டு. திரையில் விரலை வைத்து வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும் என்று தெரியவே பல நாள் ஆனது. குறைத்ததும் பொட்டு உருண்டையானது, அதன் மேல் மங்கலாக இரண்டு கோடு. இன்னொரு படத்தில் வெளிச்சத்தைக் கூட்டியதும் பக்கத்தில் நான்கு புள்ளிகள் வரிசையாக நின்றன. அவை அதன் நிலாக்களாம். மதினி அதை அண்ணனுக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு அண்ணன் அரை மணி நேரம் பேசினான். அந்த அரை மணி நேரத்துக்குப் பிறகு மதினியைப் பிடிக்க முடியவில்லை.

அடுத்து சனி. அதன் வளையம் தனியாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துவிட வேண்டும். ஏன் அவ்வளவு அவசரம் என்று எனக்குத் தெரியும். இன்னும் இரண்டு வருஷத்துக்கு இருப்பதாகக் கையெழுத்துப் போடும்படி அண்ணனைக் கம்பெனியில் கேட்டிருந்தார்கள். அந்த மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். வந்துவிடுங்கள் என்று மதினி சொல்ல மாட்டார்கள். அண்ணனும் கேட்க மாட்டான். நடுவில் ஏதாவது ஒரு பேச்சு வேண்டியிருந்தது.

என் அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. "ஏட்டி, சனி பகவான எல்லாரும் எள்ளு விளக்குப் போட்டுத் தள்ளி நின்னு கும்பிடுதாவ. நேருக்கு நேர் நிக்கவே பயப்படுதாவ. நீ கண்ணாடி வச்சுல்லா பக்கத்துல இழுக்க?"

"அவரு வரலியே அத்தை. இழுத்து இழுத்துப் பாக்கேன், ஓடிருதாரு" என்றார்கள் மதினி.

ஓடத்தான் செய்தார். பூமி சுற்றுவதால் குழாய்க்குள் கிரகம் நிற்காது. ஓரத்தில் வரும், நடுவுக்கு வரும், போனைச் சரியாக வைப்பதற்குள் மறு ஓரத்தில் போய்விடும். "ஏ தம்பி, ஓடிட்டு, ஓடிட்டு" என்று மதினி கத்துவார்கள், நான் குழாயைத் திருப்புவேன். அதைவிடப் பெரிய தொல்லை, படம் ஆடியது. படமாக எடுத்தாலும் வீடியோவாக எடுத்தாலும் தண்ணீரில் விழுந்த விளக்கு மாதிரி சனி நடுங்கிக்கொண்டே இருக்கும். கண்ணாடி சரியில்லை என்றோம். ஸ்டாண்டு லேசு என்று செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டோம். காற்று என்றோம். மதினி தன் கை நடுங்குகிறது என்று நினைத்து ஒரு வாரம் காப்பியை விட்டுவிட்டார்கள். விற்றவனுக்குப் போன் போட்டுச் சண்டையும் போட்டாயிற்று.

ஒரு நாள் பொழுது அடையும் நேரத்தில் கரண்டு போனது. தெருவே அமைதியானது. குழாயில் கண் வைத்திருந்த மதினி மூச்சு விடாமல், "தம்பி, நிக்கி" என்றார்கள். நானும் பார்த்தேன். வளையம் போட்ட ஒரு சின்ன மணி, வரைந்து வைத்தது போல அசையாமல் இருந்தது. செல்லை எடுத்து வைப்பதற்குள் கரண்டு வந்துவிட்டது, கீழே தறி ஓடத் தொடங்கியது, சனி மறுபடி நடுங்கினார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்துக்குள் கிடக்கிறவர்கள் நாங்கள். ஓடும்போது அது எங்கள் காதில் விழாது, நின்றால்தான் விழும். காலுக்குக் கீழே கான்கிரீட்டே ஆடிக்கொண்டிருந்ததை இத்தனை நாளாக நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. வேறு ஊர்க்காரன் யாராவது மாடிக்கு வந்திருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பான்.

அப்போது செய்ததுதான் இந்தச் சிரட்டைகள். கழிவு நூலை அடைத்து அதன் மேல் ஸ்டாண்டின் கால்களை வைத்தால் ஆட்டம் ஏறாது என்று மதினியின் கணக்கு. ஆட்டம் கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. ஐப்பசி மேகம் வேறு திரளத் தொடங்கிவிட்டது. மாதமும் முடியப் போகிறது. மதினி சாப்பாட்டுத் தட்டோடு மாடிக்கும் வாசலுக்கும் நடந்தார்கள். அவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கும் தூக்கம் கெட்டது. கடைசியில், எங்கள் தறி மட்டும் நின்றால் போதாது என்று, சுவர் ஒட்டியிருந்த பக்கத்துத் தறி வீட்டு அண்ணாச்சியிடம் நான் போய், சாயங்காலம் கொஞ்ச நேரம் நிறுத்த முடியுமா என்று கேட்டேன்.

"சனி பிடிச்சாத் தறி நிக்கும்னு கேட்ருக்கேன். சனியப் பிடிக்கதுக்கும் நிக்கணுமாவே?" என்று சிரித்தார். ஆனால் மறுநாள் சாயங்காலம் தன் ஆட்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு அவரே வாசலில் வந்து நின்று வானத்தைப் பார்த்தார். நானும் தறியை நிறுத்தினேன். தறி நின்றால் என் கை எங்கே இருக்க வேண்டும் என்று அதற்கே தெரியாது. மேகம் ஒரு பாய் அளவுக்கு விலகியது. படம் விழுந்தது. வளையத்துக்கும் உருண்டைக்கும் நடுவே இருட்டு தெரிந்தது.

மதினி அதை அனுப்பிவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது: "நல்லாருக்கு."

அவ்வளவுதான். மதினி எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள், மறுபடி எழுந்தார்கள். "லேசா வந்துட்டுன்னு நெனச்சிட்டாவ போல" என்று சொல்லிக்கொண்டே, அழிக்க வைத்திருந்த நடுங்கிய வீடியோக்களை எல்லாம் ஒன்று விடாமல் அண்ணனுக்கு அனுப்பினார்கள். எவ்வளவு பாடுபட்டோம் என்று தெரியட்டும் என்கிற கோபம்.

மறுநாள் விடியும் நேரத்தில் போன் வந்தது. அண்ணன் அந்த நேரத்தில் கூப்பிடுகிறவன் இல்லை. மதினி பதறி ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"மூணாம் தறியில நாடா தட்டுதே, யாரும் பாக்கலியா?" என்றான் அண்ணன்.

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"வீடியோவுல கேக்குல்லா. டக்கு டக்குன்னு விட்டு விட்டுத் தட்டுது. அம்மா ஏசுதது கேக்கு. நீ ஓடிட்டு ஓடிட்டுன்னு கத்துதது கேக்கு. காதுல மாட்டிக்கிட்டு ராத்திரி பூரா கேட்டுட்டுக் கெடந்தேன்." பிறகு, "நான் கையெழுத்துப் போடல" என்றான்.

மதினி சேலைத் தலைப்பைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தார்கள். தை மாதம் அண்ணன் வந்தான். பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, குளிக்காமல்கூட நேரே போய் மூன்றாம் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

இப்போது அவர்கள் பனவடலிசத்திரம் பக்கம் வீடு கட்டிப் போய்விட்டார்கள். அங்கே தறி இல்லை, இருட்டும் நன்றாக இருக்கிறது. மதினி பெரிய குழாய் வாங்கி, வளையத்தில் உள்ள கோடுகூடத் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்புகிறார்கள். பழைய குழாய் உங்களுக்கு வந்தது. மாடியில் அதை நிறுத்தும்போது, ஏனென்று சொல்லாமல் கால்களுக்கு அடியில் அந்தச் சிரட்டைகளை வைத்தது நான்தான்.

நேற்றுச் சாயங்காலம் என் மூத்த மகளே, நீ மாடியிலிருந்து கத்தினாய்: "அப்பா, ஆடுது. தறிய நிறுத்துங்க." நிறுத்தப் போனவன் பாதிப் படியில் திரும்பி மேலே வந்தேன்.

"நிறுத்துதேன். மொதல்ல ஆடுதத ஒண்ணு எடு மக்கா, சத்தத்தோட."

"ஆடுதத எடுத்து யாருக்குப்பா அனுப்ப?"

"அடுத்த வருசம் காலேஜுக்கு வெளியூர் போறல்லா. ஒனக்குத்தான்."

நீ ஸ்டாண்டின் கால்களைச் சிரட்டைகளிலிருந்து எடுத்து வெறுந்தரையில் வைத்தாய்.